செவ்வாய் வெள்ளிகளில் ஒளிரும் செல்கள்

ஜூலை 1, செவ்வாய்

லேப் நோட்டில் எண்களைத் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது என்று டெய்சி மேடம் உத்தரவு போட்டுவிட்டார். போன வாரம் ஒரு பக்கத்தில் "இந்தச் சவம் இன்னைக்கும் காலை வாரிவிட்டது" என்று நான் எழுதி வைத்ததைப் படித்துவிட்டார். அதனால் புலம்புவதற்குத் தனியாக இந்த டைரி. அண்ணனுக்கு சோலார் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது, அட்டையில் சூரியன் சிரிக்கிறது.

முதல் நாள் என்பதால் முறையாக எழுதிவிடுகிறேன். நான் இசக்கியம்மாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. வயசு இருபத்தொன்பது, கல்யாணம் ஆகாததால் எங்கம்மா கணக்கில் முப்பத்தொன்பது. இந்த மாதம் முப்பதாம் தேதி எனக்குக் கடைசி ரிவ்யூ. ஏற்கெனவே இரண்டு தடவை கெடு வாங்கியாயிற்று, இனிமேல் கிடையாது. வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியர் தலையை ஆட்டினால் நான் டாக்டர். ஆட்டாவிட்டால் அம்மா பார்த்து வைத்திருக்கிற தூத்துக்குடி உப்பளக்காரர் வீட்டு மருமகள்.

என் ஆராய்ச்சி ஒன்றும் பெரிய மந்திரமில்லை. ஒரு பெட்டி. அதற்குள் நீல விளக்கு, பச்சை வெளிச்சத்தை மட்டும் பார்க்கிற கேமரா. நாங்கள் அதைப் பூனை என்று கூப்பிடுகிறோம். பிளேட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், குழிக்குள் உயிருள்ள செல்கள். செல்லுக்குள் ஒரு புரதத்தை வைத்திருக்கிறோம். தண்ணீரில் விஷம் ஏதாவது கலந்திருந்தால் செல் தவிக்கும், தவித்தால் பச்சையாக ஒளிரும். செல்லைக் கொல்லாமல், தொடாமல், அது படுகிற பாட்டை அது படும்போதே பூனை திரையில் கோடாக வரைந்து காட்டும். விஷம் போட்ட குழி ஒளிர வேண்டும். சுத்தத் தண்ணீர் விட்ட குழி சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் நிரூபிக்க வேண்டியது.

இன்றைக்கு சுத்தத் தண்ணீர்க் குழிகளும் ஒளிர்ந்தன! விஷம் விடுவதற்கு முன்னாலேயே. பையப் பைய ஏறி, உச்சிக்குப் போய், மதியத்துக்கு மேல் இறங்கிவிட்டது. செல்லே இல்லாத வெற்றுக் குழிகளில் ஒன்றுமில்லை. பிளேட் போட்டது செண்பகம். செண்பகவல்லி எனக்கு ஜூனியர், கோவில்பட்டிப் பிள்ளை, ஹாஸ்டலில் இருக்கிறாள். கை சுத்தம், வேலை சுத்தம். ஒரே ஒரு கெட்ட பழக்கம், துளித் துளியாக மருந்து விடுகிற பிப்பெட்டில் மாட்டுகிற பிளாஸ்டிக் டிப்பை விரலால் அழுத்தி மாட்டுவாள். சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

மத்தியானம் அண்ணன் வந்தான், பேட்டரித் தண்ணீர் பார்க்க. லேபுக்குப் போன வருஷம் இன்வெர்ட்டர் மாட்டினது அவன்தான். தன் வேலையில் எங்கள் அண்ணன் மாசானமுத்துவுக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வாரத்துக்கு இரண்டு தடவை வந்துவிடுகிறான்.

ஜூலை 2, புதன்

சுத்தத் தண்ணீர்க் குழிகள் இன்றைக்குச் சும்மா கிடந்தன. அப்படியென்றால் நேற்று என்னத்தைத்தான் பார்த்தோம்?

ஜூலை 4, வெள்ளி

மறுபடியும்! அதே மாதிரி ஏறி, அதே மாதிரி இறங்கியது. செல் இருக்கிற குழிகளில் மட்டும்!

"அக்கா, ஒருவேளை செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு ஏதாவது பேசிக்கிடுதோ?" என்றாள் செண்பகம்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஏன் பேசக்கூடாது? புது இடத்துக்கு வந்ததும் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை சொல்லிக்கொண்டால்? அப்படியென்றால் இதை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. நான்தான் முதல் ஆள். "இசக்கி விளைவு" என்று பேர் வைக்கலாம் என்றேன். செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கும்போது கழுத்துப்பட்டியை இழுத்துச் சரி செய்துகொண்டாள். இந்த வெயிலில் மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு வருகிறாள், என்ன பிள்ளையோ.

ஜூலை 6, ஞாயிறு

துணி துவைக்கும்போது அம்மா ஒரே சத்தம். "கரண்டு வேலைக்குப் போறவன் சட்டையில கிரீஸ் ஒட்டும், கரி ஒட்டும். மஞ்சள் எப்படிட்டி ஒட்டும்?"

"சாம்பாரைக் கொட்டியிருப்பான்ம்மா."

"சாம்பாரை எவனாவது நெஞ்சுல கொட்டுவானா?"

என் ரிவ்யூவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சாப்பிடும்போது உப்பளக்காரர் பேச்சு வந்தது. "இவளை ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் மூத்தவனுக்குப் பார்க்கணும், அவன் எத்தனை வருசம்தான் காத்துக்கிட்டுக் கெடப்பான்?" என்று அம்மா ஒப்பாரி வைக்காத குறை. ஆச்சரியம், அண்ணன் எனக்குப் பரிந்து பேசினான். "அவ படிப்பு முடியட்டும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான். சொன்ன மாதிரியே அவன் முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. இரண்டாவது தடவை சொதிக் குழம்பு வாங்கிச் சாப்பிட்டான்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் தடவை. டெய்சி மேடமே வந்து திரை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோடு ஏற ஏற அவர் புருவமும் ஏறியது. "இது மட்டும் உண்மையா இருந்தா இசக்கி, உனக்கு ரிவ்யூ இல்ல, மாலை மரியாதைதான்" என்றார். பதினாறு வருஷமாக லேபில் இருக்கிறவர்கள் சொல்கிறார்கள், மேடம் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தார்களாம். வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். அம்மா, "என்ன, உப்பளத்துக்குச் சம்மதமா?" என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்தாள்.

ஜூலை 11, வெள்ளி

செண்பகம் ஊருக்குப் போய்விட்டாள். பிளேட்டை நானே போட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

அழுகையாக வருகிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 14, திங்கள்

மேடத்திடம் எல்லாக் கோடுகளையும் விரித்து வைத்தேன். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "செவ்வாய். வெள்ளி. செவ்வாய். ஏன்மா, செல்லுக்கு ஏது செவ்வாய் வெள்ளி?"

எனக்கும் உறைத்தது. செவ்வாயும் வெள்ளியும் லேபில் என்ன நடக்கிறது? தரை துடைக்கிற அக்கா தினமும் வருகிறார். ஏ.சி. தினமும் ஓடுகிறது. கரண்டும் தினமும் போகிறது. இன்வெர்ட்டர்தான் காரணமோ என்று அண்ணனை லேபுக்கு வரச்சொல்லி நன்றாக ஏசினேன். "உன் இன்வெர்ட்டர் என் செல்லைக் கெடுக்குது" என்றேன். "கெடுக்காதுட்டி, சத்தியமா கெடுக்காது" என்று பயந்துபோய்ச் சொன்னான். செண்பகம் திரும்பி நின்று குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டே இருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்ன?

ஜூலை 15, செவ்வாய்

பக்கத்திலேயே நின்று பார்த்தேன். செண்பகம் கிளவுஸ் போட்டாள், கிளவுசில் ஸ்பிரிட் அடித்தாள், குனிந்தாள், கழுத்துப்பட்டிக்குள் எதையோ உள்ளே தள்ளினாள், அதே விரலால் டிப்பை அழுத்தி மாட்டினாள். "டிப்பைத் தொடாதேன்னா கேக்க மாட்டியா நீ?" என்று கத்தினேன். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள், பாவம்.

குழிகள் ஜெகஜோதியாக ஒளிர்ந்தன. கையில் பதினைந்து நாள். காரணம் மட்டும் தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்திருக்க வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு வந்து பூனையின் உதிரி விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நீல வெளிச்சம், கண்ணில் ஆரஞ்சுக் கண்ணாடி. என் வயிற்றுப் பக்கம் பச்சையாக ஒரு பொட்டு ஒளிர்ந்தது. தொட்டுப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். மத்தியானச் சாம்பார். அதாவது, மஞ்சள்.

உடனே ஸ்பிரிட்டில் துளி மஞ்சளைக் கரைத்து, அதைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, செல் இருக்கிற குழிகளில் விட்டேன். பையப் பைய ஏறியது, உச்சிக்குப் போனது, இறங்கியது. அதே கோடு, அச்சு அசல். மஞ்சள் வெறும் தண்ணீரில் அவ்வளவாக ஒளிராதாம், செல்லின் கொழுப்புச் சவ்வில் போய் ஒட்டிக்கொண்டால்தான் பளிச்சென்று ஒளிருமாம். சில மணி நேரத்தில் சிதைந்தும் போய்விடுமாம். புத்தகத்தில் இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

இசக்கி விளைவு போயே போச்சு. செல்கள் ஒன்றுக்கொன்று பேசவில்லை, மஞ்சள் தேய்த்துக் குளித்திருக்கின்றன. மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அப்புறம், "போனது போகட்டும். எங்கேயிருந்து மஞ்சள் வருதுன்னு பிடி. அது தெரியாம உன் ஒரு கோட்டையும் எவனும் நம்ப மாட்டான்" என்றார். சரியான பேச்சு. ஆனாலும் கழிவறையில் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 18, வெள்ளி

சின்ன அறையில் லைட்டை அணைத்துவிட்டு நீல விளக்கை வைத்துக்கொண்டு திருடன் பிடிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். கிளவுஸ் டப்பா, டிப் டப்பா, ஸ்பிரிட் பாட்டில், எதிலும் ஒன்றுமில்லை. செண்பகம் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் கட்டைவிரல் பச்சை. ஆள்காட்டி விரல் பச்சை. கழுத்துப்பட்டி ஓரத்தில் பச்சைப் பூச்சு.

"கழுத்துல என்னட்டி?"

"ஒண்ணுமில்ல அக்கா."

"பூனை பொய் சொல்லாது. வெளிய எடு."

கையிலிருந்த பிளேட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் மேல் பட்டனைக் கழற்றி, வெளியே எடுத்துப் போட்டாள். மஞ்சள் கயிறு. அந்த இருட்டில் முழுக் கயிறும் பச்சையாக ஒளிர்ந்தது. எனக்குத் திட்டுவதற்கே வாய் வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

போன மாதம் கழுகுமலைக் கோயிலில் கட்டினதாம். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் இவள் தன் காதலைச் சொல்லியிருக்கிறாள். "முதல்ல கழுத்துல கயிறு ஏறட்டும், அப்புறம் எவ்வளவு நாள் வேணா காத்திருங்க" என்று அவள் அப்பா முடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளித்துவிட்டுக் கயிற்றில் மஞ்சள் பூசிக்கொண்டு நேரே லேபுக்கு வருகிறாள். குனியும்போது கயிறு நழுவி வெளியே வரும், ஸ்பிரிட் ஈரத்தோடு விரலால் உள்ளே தள்ளுவாள், அதே விரலால் டிப். முடிந்தது கதை.

"மாப்பிள்ளை யாருட்டி?"

"நல்லவங்கதான் அக்கா."

"பேரைச் சொல்லு."

"புருசன் பேரைச் சொல்லக்கூடாதுல்ல."

"நீ ஆராய்ச்சி பண்ணுதியா, இல்ல எங்க ஆச்சி காலத்துல இருக்கியா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஒரே சிரிப்பு. எவனோ கொடுத்து வைத்தவன்.

ஜூலை 20, ஞாயிறு

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் மட்டும் கழுநீர்ப் பானையில் விழுமாம். நான்தான் அந்தப் பல்லி.

டிபன் பாக்ஸ், பை, கோட்டு எல்லாவற்றிலும் மஞ்சள் இருக்கிறதா பார்க்கலாமென்று விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு அறையைச் சுற்றி அடித்தேன். கொடியில் அண்ணனின் வெள்ளைச் சட்டை தொங்கியது. நெஞ்சுப் பக்கம் பச்சையாக ஒரு வளைவு. கயிறு பதிந்த தடம். இதற்கு மேல் எழுத மாட்டேன், நான் அவனுக்குத் தங்கச்சி.

மொட்டை மாடியில் போய்ப் பிடித்தேன். "ஏய் அண்ணே. பேட்டரித் தண்ணி எப்படி இருக்கு?"

முதலில் முழித்தான். என் கையில் சட்டையைப் பார்த்ததும் தண்ணீர்த் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்ல என்கிட்ட சொல்லல?" கோபத்தில் அண்ணன் என்ற மரியாதைகூட மறந்துபோனது.

"உன் ரிவ்யூ முடியட்டும்னுதாம்ட்டி. அம்மாவுக்குத் தெரிஞ்சா, மூத்தவன் முந்திட்டான், ஊரு சிரிக்கும்னு உன்னை அடுத்த முகூர்த்தத்துல தூத்துக்குடிக்கு ஏத்தி விட்டுருவா. செண்பகந்தான் சொன்னா, அக்கா டாக்டராகுற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு."

நான் டாக்டராக வேண்டும் என்று மறைத்த கயிறுதான் என்னை டாக்டராக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அண்ணன் பயந்துபோய்க் கீழே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

ஜூலை 22, செவ்வாய்

"கழட்டி வெச்சிரட்டுமா அக்கா?" என்று காலையில் கேட்டாள்.

"கழட்டுனே, கையை ஒடிச்சிருவேன். முப்பதாம் தேதி வரைக்கும் மஞ்சள் மட்டும் பூசாதே. டிப்பையும் தொடாதே."

இன்றைக்குக் கோடுகள் கண்ணாடி மாதிரி. சுத்தத் தண்ணீர்க் குழிகளில் மூச்சு இல்லை. விஷக் குழிகள் விட்ட கையோடு ஒளிர்ந்தன. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு சிக்கல். வயசில் சின்னவள், முறையில் பெரியவள். இனி நான் அவளை மதினி என்று கூப்பிட வேண்டும். அவளோ என்னை அக்கா என்கிறாள். நாளெல்லாம் இருவரும் பேர் சொல்லாமல் "ஏய் இங்க பாரு" என்றே ஓட்டினோம்.

ஜூலை 25, வெள்ளி

சுத்தம். கயிறு வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது.

ஜூலை 30, புதன்

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

வெளியூர்ப் பேராசிரியர் வழுக்கைத் தலை, மெல்லிய குரல், கத்தி மாதிரி கேள்வி. நல்ல கோடுகளை மட்டும் காட்டியிருந்தால் சுலபமாகத் தப்பித்திருக்கலாம். ஆனால் கெட்ட கோடுகளையும் காட்டுவது என்று நானும் மேடமும் முடிவு செய்திருந்தோம். மறைத்து வாங்குகிற பட்டம் எதற்கு? காட்டினேன். மஞ்சள்தான் காரணம் என்றேன். லேபுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், சாப்பாட்டுக் கை என்று சொல்லித் தப்பிக்கத்தான் எனக்கு உத்தேசம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாம்பார் நானும் தினமுந்தான் சாப்பிடறேன். அதென்னம்மா செவ்வாயும் வெள்ளியும்? காரணம் தெரியலேன்னா, நாளைக்கு மறுபடி வராதுன்னு நான் எப்படி நம்பறது?"

மேடம் மேசையைப் பார்த்தார். தெரியாது என்றால் எல்லாக் கோடும் சந்தேகம், பட்டம் அவ்வளவுதான். சொன்னால் அவள் ரகசியம் போய்விடும். ஸ்கிரீன் பக்கத்தில் ரிமோட்டோடு நின்ற செண்பகத்தைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்க என்பது மாதிரி தலையை ஆட்டினாள்.

"அது எங்க மதினியோட தாலிக் கயிறு, சார்."

செண்பகம் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டாள். மேடம் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "யாரு?" என்றார். யார், எப்படி, ஸ்பிரிட் கையில் மஞ்சள் எப்படிக் கரைந்தது, டிப்புக்கு எப்படி வந்தது, நிறுத்தியபிறகு கோடு எப்படிச் சுத்தமானது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கே கேட்டது, என் குரல் கரகரவென்று இருந்தது.

பேராசிரியர் சிரித்துவிட்டார். "செவ்வாய், வெள்ளின்னதுமே எனக்குத் தட்டுச்சு. எங்க வீட்டுலயும் தலையணை உறையெல்லாம் மஞ்சள்தான். நீங்க சொல்வீங்களா மாட்டீங்களான்னுதான் பார்த்தேன். கண்ணுக்கே தெரியாத மஞ்சளைப் பிடிச்சிருக்கு உங்க பூனை. அதையும் ஒரு அத்தியாயமா எழுதுங்க, டாக்டர் இசக்கியம்மாள்."

டாக்டர் இசக்கியம்மாள்! டாக்டர் இசக்கியம்மாள்! இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். டாக்டர் இசக்கியம்மாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பொங்கிய பால் அடுப்பை அணைத்துவிட்டது. நாங்கள் பக்குவமாகச் சொல்லலாம் என்று நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதற்குள் டெய்சி மேடம் அம்மாவுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். மகளுக்கு ஒரு வாழ்த்து. கூடவே, "மகன் கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!"

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பயமில்லை. அடுப்பு மூட்டவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அண்ணன் காலைப் பிடித்தான். காலை இழுத்துக்கொண்டாள். "டாக்டராயிட்டேன்ம்மா" என்றேன். "ஆமா, நாந்தான் ஒண்ணும் தெரியாத முட்டா" என்றாள். அது ஒன்றுதான் இன்றைக்கெல்லாம் பேசினது. மகன் கல்யாணத்தைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்றைக்கு ஆடிப் பதினெட்டு. வருவது வரட்டும் என்று அண்ணன் செண்பகத்தை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான். அவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கையில் பூவும் பழமும், முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

செண்பகம் படியிலேயே அம்மா காலில் விழுந்தாள். எழுந்தபோது கயிறு வெளியே வந்து தொங்கியது. அம்மா கண் அதில் போய் நின்றது. கையை நீட்டி, கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, வெறும் நூலாக் கெடக்கு? கட்டி ரெண்டு மாசங்கூட ஆகியிருக்காது. மஞ்சள் பூச மாட்டியா? உங்க அம்மை சொல்லித் தரலியா?"

செண்பகம் என்னைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"நான்தாம்மா பூசக்கூடாதுன்னேன்," என்றேன். "பூசினா செல்லு ஒளிருது."

"உன் செல்லுல கொள்ளிய வைக்க! வீட்டுக்கு வந்த பொண்ணு தாலிக் கயிறை வெளுக்க வெச்சுட்டுத்தான் உனக்கு டாக்டர் பட்டமோ?" அம்மா வழியைவிட்டு உள்ளே திரும்பினாள். "நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நிக்காதம்மா, உள்ள வா. ஏட்டி இசக்கி, மரம் மாதிரி நிக்கியே, மதினிக்குத் தண்ணி கொண்டா."

ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்து நீட்டினேன். "இந்தாங்க மதினி." வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் அக்கா" என்றாள். அம்மா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் புதுக் கயிறு எடுத்து, கல்லில் மஞ்சளை உரைத்து, கை முழுக்க அள்ளிப் பூசி, செண்பகத்தை நடுக்கூடத்தில் உட்கார வைத்து அண்ணனைக் கூப்பிட்டாள். "இப்ப கட்டுலே. நான் பார்க்கணும்." அவன் கட்டும்போது அம்மா அழுதாள், நான் குலவை போட்டேன், சரியாக வரவில்லை.

ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது அம்மா ஒரு டப்பா நிறைய மஞ்சளைச் செண்பகத்தின் பையில் வைத்து அனுப்பியிருக்கிறாள். ஒரு நாளும் விடக்கூடாதாம். செவ்வாய், வெள்ளி பிளேட்டெல்லாம் இனி நான்தான் போட வேண்டும்.